விண்வெளிக்கு ஆள் அனுப்புவதில் கூடுதல் செலவு யார் தலையில்?

இந்தியா சொந்தமாகக் கட்டும் மனித விண்வெளிக் கலமான ககன்யானில் 2022-க்குள் இந்தியர் பறப்பார் என்று 2018 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் அறிவித்தார்கள். அந்தக் கெடு பல முறை தள்ளிப்போய் இப்போது 2027-ல் நிற்கிறது. தேதி மாறும்போதெல்லாம் நமக்கு வரும் கடிதங்களும் கூடுகின்றன. திண்டுக்கல் நகரிலிருந்தும், நிலக்கோட்டை, வேடசந்தூர், நத்தம் பக்கமிருந்தும் வந்தவற்றைச் சேர்த்துப் படித்தால் இரண்டு கட்சிகள் தெரிகின்றன. தனியாரிடம் விட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் என்கிறது ஒன்று. வரிப்பணத்தில் வளர்த்ததைக் கம்பெனிகளுக்குத் தாரை வார்க்கிறார்கள் என்கிறது இன்னொன்று. இரண்டு கட்சியுமே இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவின் பயணத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

2025 ஜூன் 25-ல் சுக்லா புறப்பட்ட ஆக்ஸியம்-4, அதிகாரபூர்வமாக ஒரு ‘தனியார் பயணம்’. ஏற்பாடு ஆக்ஸியம் நிறுவனம். ராக்கெட்டும் டிராகன் கலமும் ஸ்பேஸ்எக்ஸ். ஆனால் நான்கு இருக்கைகளில் மூன்று இந்தியா, போலந்து, ஹங்கேரி ஆகிய நாடுகளின் அரசுத் திட்டங்களுக்கானவை. நம் பங்கு சுமார் 550 கோடி ரூபாய். போய் இறங்கிய சர்வதேச விண்வெளி நிலையம் அரசுகள் கட்டியது. டிராகன் கலமே நாசாவின் ஒப்பந்தப் பணம் இல்லாமல் இந்த வடிவத்துக்கு வந்திருக்காது. 2021-ல் அமெரிக்கத் தொழிலதிபர் ஜாரெட் ஐசக்மேன் சொந்தப் பணத்தில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனதுபோன்ற பயணங்கள் உண்டுதான். அவை விதிவிலக்கு. மற்றபடி பெரும்பாலான பயணங்களில் வாகனம் கம்பெனியின் சொத்து, டிக்கெட் பணம் ஏதோ ஓர் அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. எனவே அரசா, தனியாரா என்று கேட்பதைவிட, சொன்ன தொகையைத் தாண்டிச் செலவானால் அந்தக் கூடுதலை யார் தாங்குவது என்று கேட்பதே பயன் தரும். இந்த விவாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம் ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. லேபர் காண்ட்ராக்ட் விட்டால் கம்பி, சிமென்ட், மணல் விலை ஏறியதெல்லாம் வீட்டுக்காரர் தலையில். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிவிட்டால் ஏற்றம் காண்ட்ராக்டர் தலையில். பேஸ்மட்டம் முடிந்ததும் ஒரு தொகை, லிண்டல் மட்டத்தில் ஒரு தொகை, கான்கிரீட் போட்டதும் ஒரு தொகை. அப்போலோவையும் விண்வெளி ஓடத்தையும் அமெரிக்கா பெரும்பாலும் முதல் முறையில் கட்டியது. ஆன செலவைக் கொடுத்து, அதற்கு மேல் லாபமும் கொடுத்தது. 2011-ல் ஓடங்கள் ஓய்வு பெற்றபின், 2014 செப்டம்பரில் இரண்டாவது முறைக்கு மாறியது. போயிங்குக்கு 420 கோடி டாலர், ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடி டாலர், விலை நிலையானது, வேலை முடிய முடியப் பணம். ஒன்று தவறினாலும் மற்றொன்று இருக்கும் என்பதால் இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இது உண்மையிலேயே புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஸ்பேஸ்எக்ஸ் 2020 மே 30-ல் ஆட்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. அதுவரை அமெரிக்கா ரஷ்யாவின் சோயுஸ் கலத்தையே நம்பியிருந்தது. வேறு வழி இல்லாததால் அந்த இருக்கையின் விலை ஒரு கட்டத்தில் 8 கோடி டாலரைத் தாண்டியது. விற்பவர் ஒருவர்தான் என்றால் அரசு நிறுவனமும் விலையை ஏற்றும் என்பதை முதல் கட்சியினர் சரியாகவே சுட்டுகிறார்கள். போயிங்கின் ஸ்டார்லைனரோ 2019 டிசம்பரில் ஆளில்லாச் சோதனையிலேயே, கடிகாரம் தவறாக ஓடி, நிலையத்தை எட்டாமல் திரும்பியது. பழுது பார்த்து மறுபடி பறந்த செலவு போயிங் கணக்கில் ஏறியது. இன்று அந்த நஷ்டம் 200 கோடி டாலருக்கும் மேல். பழைய முறையாக இருந்தால் அமெரிக்க வரி செலுத்துவோர் கட்டியிருக்க வேண்டிய தொகை இது.

இதோடு கதை முடிந்தால் நானும் முதல் கட்சியில் சேர்ந்திருப்பேன். நாசாவின் தணிக்கைப் பிரிவான தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நிலையான விலை பேசிய பிறகும் போயிங்குக்கு 28.7 கோடி டாலர் கூடுதலாகத் தர நாசா ஒப்புக்கொண்டிருந்தது அதில் தெரியவந்தது. போயிங் விலகிவிட்டால் மிஞ்சுவது ஒரே நிறுவனம்தானே என்ற கவலையே அதற்குக் காரணம் என்று நாசா அதிகாரிகள் சிலர் ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கையின் முடிவைப் போயிங் மறுத்தது. பணம் போனது போனதுதான்.

பிறகு அந்தப் பயமும் பலித்தது. 2024 ஜூன் 5-ல் ஸ்டார்லைனரில் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும், ஹீலியம் கசிவும் உந்துபொறிக் கோளாறும் காரணமாக அதில் திரும்ப முடியாமல், 2025 மார்ச் 18-ல் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் இறங்கினார்கள். இதற்கிடையே ஸ்பேஸ்எக்ஸ் இருக்கையின் விலை, 2019 அறிக்கை கணித்த சுமார் 5.5 கோடி டாலரிலிருந்து 2022-ல் போட்ட கூடுதல் ஒப்பந்தத்தில் சுமார் 7.2 கோடியானது. பணவீக்கமும் இதில் உண்டு. ஆனால் விலையைக் கீழே பிடித்து நிறுத்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிலையான விலை ஒருவரைக் கட்டுப்படுத்துவது, இரண்டாமவர் உயிரோடு இருக்கும்வரைதான்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது 2025 ஜூன் 5. அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் இலான் மஸ்க்கும் பகிரங்கமாக மோதிக்கொண்ட நாள். மஸ்க்கின் அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்யலாம் என்று அதிபர் சொல்ல, டிராகன் கலங்களைப் பயன்பாட்டிலிருந்து உடனே விலக்கத் தொடங்குவதாக மஸ்க் எழுதினார். சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றார். அந்த நேரத்தில் சுக்லா அமெரிக்காவில், அதே டிராகனில் பறப்பதற்காகத் தனிமைப்படுத்தலில் இருந்தார். இந்தியா 550 கோடி ரூபாய் கொடுத்து வாங்கிய இருக்கை, இரண்டு மனிதர்களின் கோபத்தில் சில மணி நேரம் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த சில நாட்களில் ஃபால்கன் ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்து பயணம் தள்ளிப்போனது. கசிவைச் சரிசெய்து, சோதித்துப் பார்த்த பிறகே பறக்க வேண்டும் என்று வலியுறுத்தியது இஸ்ரோ குழுதான், இல்லாவிட்டால் பேரழிவாகியிருக்கும் என்றார் இஸ்ரோ தலைவர் வி.நாராயணன். தங்கள் சோதனையிலேயே கசிவு கண்டுபிடிக்கப்பட்டது என்பது ஸ்பேஸ்எக்ஸ் தரப்பு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ‘நிறுத்து’ என்று சொல்ல இருக்கை வாங்கிய நாட்டுக்கு எந்த விதியின்படி உரிமை இருக்கிறது? அது ஒப்பந்தத்தின் வாசகத்தில் இருக்க வேண்டும். நம் பொறியாளர்களின் துணிச்சலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஆக்ஸியத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் அந்தப் பகுதியை மக்கள் பார்வைக்கு வைப்பதில் எந்த ராணுவ ரகசியமும் போய்விடாது.

இனி ககன்யான். இங்கே கூடுதல் செலவு முழுவதும் நம் தலையில். 9,023 கோடியில் தொடங்கிய திட்டம் 2024 செப்டம்பரில் 20,193 கோடியானது. இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் சேர்ந்து எட்டுப் பயணங்களாகத் திட்டம் விரிந்ததுதான் காரணம் என்கிறது அமைச்சரவைக் குறிப்பு. விரிவாக்கம் உண்மை. ஆனால் கூடிய 11,170 கோடியில் புதிய வேலைக்கு எவ்வளவு, ஐந்தாண்டுத் தாமதத்துக்கு எவ்வளவு என்று அந்தக் குறிப்பைப் படித்துப் பிரிக்க முடியாது. இரண்டையும் ஒரே தொகையாகச் சொன்னால் கேள்வி கேட்பவருக்குப் பிடி கிடைக்காது.

அதற்காக ககன்யானை மொத்த விலைக்குத் தனியாரிடம் விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் முடிவு. இங்கே மனிதரை ஏற்றும் கலத்துக்கு வாடிக்கையாளர் அரசு ஒன்றே. எல் அண்ட் டி, கோத்ரேஜ் போன்ற தனியார் நிறுவனங்களும் அரசு நிறுவனமான எச்ஏஎல்லும் பாகங்கள் செய்து தருவதில் தேர்ந்தவை. முழுக் கலத்தையும் சொந்தப் பொறுப்பில் கட்டி, தோற்றால் நஷ்டத்தையும் தாங்க இரண்டு பேர் முன்வருவார்கள் என்று நம்ப இடமில்லை. ஒருவர் மட்டும் வந்தால், போயிங்குக்குக் கொடுத்த அந்தக் கூடுதலை நாமும் கொடுக்க நேரும். ஏற்கெனவே பறந்து பழகிய ராக்கெட் என்றால் விஷயம் வேறு. ஐந்து பிஎஸ்எல்வி கட்ட எச்ஏஎல்-எல் அண்ட் டி கூட்டுக்கு 2022-ல் தந்த 860 கோடி ஒப்பந்தமும், 511 கோடிக்கு எஸ்எஸ்எல்வி தொழில்நுட்பத்தை எச்ஏஎல் ஏலத்தில் எடுத்ததும் நியாயமான திசையில்தான் இருக்கின்றன.

இரண்டாவது கட்சியினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அரசுத் துறை என்பதாலேயே வெளிப்படைத்தன்மை வந்துவிடாது. 2025 மே 18-ல் பிஎஸ்எல்வி-சி61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது. அதன் விசாரணை அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. ஏவலாமா என்று இறுதியில் முடிவெடுக்கும் வாரியமும் இஸ்ரோவுக்குள்தான் கூடுகிறது. செயற்கைக்கோள் போனால் பணத்தோடு போகும். மனிதர் ஏறும் ராக்கெட்டுக்கு அனுமதி தரும் அமைப்பு, தாமதமானால் பெயரோ பணமோ இழக்காத ஒன்றாக இருக்க வேண்டும்.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

குலசேகரன்பட்டினத்திலிருந்து மனிதர்கள் போவார்களா? இல்லை, அது சிறிய எஸ்எஸ்எல்விக்கான தளம், ககன்யான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான்.

மகேந்திரகிரியைத் தனியாருக்கு விற்கிறார்களா? இல்லை, ககன்யான் இயந்திரங்களின் சோதனைகள் நடக்கும் அந்த மையம் இஸ்ரோவிடமே இருக்கிறது.

தனியார் ராக்கெட் வேறு நாட்டில் விழுந்தால்? 1972-ம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கைப்படி இந்திய அரசுதான் இழப்பீடு தர வேண்டும். அதை நிறுவனத்திடம் எப்படி வசூலிப்பது என்று சொல்ல வேண்டிய விண்வெளிச் சட்டம் 2017-ல் வரைவாக வந்ததோடு நிற்கிறது.

ஒரு ரூபாய் போட்டால் இரண்டரை ரூபாய் திரும்புகிறதாமே? அது செயற்கைக்கோள், தகவல்தொடர்பு எல்லாம் சேர்ந்த விண்வெளித் துறைக் கணக்கு. மனிதரை அனுப்புவதற்கு அதைக் காட்டுவது சரியல்ல.

நம் பங்கு எவ்வளவு? 20,193 கோடியை 140 கோடிப் பேருக்கு வகுத்தால் தலைக்குச் சுமார் 144 ரூபாய். 2011 கணக்கெடுப்புப்படி திண்டுக்கல் மாவட்டத்துக்குச் சுமார் 31 கோடி.

இங்கே வேலை வருமா? தமிழக அரசின் 2025 விண்வெளித் தொழில் கொள்கை, சிறு முதலீடுகளுக்கான சலுகைப் பகுதிகளை மதுரை, விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் குறித்திருக்கிறது. திண்டுக்கல் அதில் இல்லை.