தரையைத் தொட்டா மட்டும் போதுமா பாஸ்?

ஃபிரெண்டோட பைக்ல பின் சீட்ல உட்கார்ந்து ஸ்பீடு பிரேக்கர் தாண்டியிருக்கீங்களா? ஷாக் அப்சார்பர் போன வண்டின்னா ஒரு தூக்கு தூக்கும், அப்புறம் ரெண்டு மூணு தடவை ஊஞ்சல் ஆடும். ஸ்பிரிங் இடியை வாங்கிக்கும். ஆனா வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துடும். கொடுக்க விடாம உள்ளேயே கரைக்கறதுதான் டேம்பரோட வேலை.

நமக்கு இடுப்பு வலியோட போச்சு. விண்கலத்துக்கு இது வாழ்வா சாவா மேட்டர்!

நிலவுல இறங்கின அப்பல்லோ கலங்களோட கால்களுக்குள்ள தேன்கூடு மாதிரி அலுமினியம் வெச்சிருந்தாங்க. இடிச்சா நசுங்கும். நசுங்கினது நிமிராது, அதனால எகிறலும் இல்லை. ஒரு தடவை இறங்க இது போதும்.

ஆனா, ஈர்ப்பே இல்லாத மாதிரி இருக்கிற வால்நட்சத்திரத்துல இறங்கணும்னா? 2004-ல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பிய ரோசெட்டா, பத்து வருஷம் பயணம் செஞ்சு 67பி வால்நட்சத்திரத்தை அடைஞ்சது. அது சுமந்து போன குட்டிக் கலம் ஃபிலே, சுமார் 100 கிலோ. இதோட டேம்பர்ல ஆயில் கிடையாது, மின் மோட்டார்தான். தரையில இடிச்சதும் உடம்பு கீழே அமுங்கி மோட்டாரைச் சுத்தும்; அது ஜெனரேட்டரா மாறி வேகத்தைக் கரண்டாக்கி, சூடாக் கரைச்சிடும். டைனமோ போட்டா சைக்கிள் மிதிக்கக் கஷ்டமா இருக்குமே, அதே கதை.

2014 நவம்பர் 12. நாம நடக்கிறதைவிடக் கம்மியா, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துல ஃபிலே தரையைத் தொட்டது. கன்ட்ரோல் ரூம்ல ஒரே கைதட்டல். ஆனா, தரையில குத்தி நிக்க வேண்டிய ஈட்டிகள் பாயலை. மேலேர்ந்து அமுக்க வேண்டிய வாயு உந்தியும் வேலை செய்யலை. விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்துல எகிறிடுச்சு!

ஆற்றல், வேகத்தோட வர்க்கம். கணக்குப் போட்டுப் பாருங்க, டேம்பரும் மண்ணும் சேர்ந்து சுமார் 85 சதவிகிதத்தை விழுங்கியாச்சு. நம்ம செமஸ்டர்ல டிஸ்டிங்ஷன்! ஆனா, மிச்சமிருந்த 15 சதவிகிதமே ஃபிலேயை சுமார் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கி, கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் மிதக்க விட்டுடுச்சு.

கடைசியில ஒதுங்கினது ஒரு பாறையோட நிழல்ல. சோலார் தகடுக்குப் போதிய வெயில் இல்லை. பேட்டரி தீர்றதுக்குள்ள, சுமார் 60 மணி நேரம் விழுந்து விழுந்து ஆராய்ச்சி பண்ணி டேட்டாவை அனுப்பிட்டுத் தூங்கிப் போச்சு. எங்கே கிடக்குதுன்னே ரொம்ப நாள் சரியாத் தெரியலை. 2016 செப்டம்பர் 2-ல் ரோசெட்டா எடுத்த போட்டோவுலதான் மாட்டுச்சு: பாறை இடுக்குல, சாய்ஞ்சு கிடக்குது பாவம்.