மூன்றாவது 'சி'

ஞாயிற்றுக்கிழமை காலை. சென்னையில் ஒரு பியானோ மிஸ் வீட்டு ஹால். போட்டிக்கு இன்னும் பத்து நாள். ஆறு வயதுக் குட்டிப் பெண் ஸ்டூலில் ஏறி உட்கார்கிறாள். கால் தரைக்கு எட்டவில்லை. மிஸ் ஒரு மணையைக் காலடியில் தள்ளுகிறார். அவள் இடது ஓரத்திலிருந்து விரல் வைத்து எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது 'சி'யில் கட்டைவிரலைப் பதித்து வாசிக்கிறாள். விரல் சரி, தாளம் சரி. ஆனால் பாப்பா பாட்டு தாத்தா குரலில் கேட்கிறது!

தப்பு அவளுடையதல்ல. வீட்டில் அவள் பழகுவது 61 கட்டை கீபோர்டு. அதில் நடு 'சி' இடமிருந்து மூன்றாவது. 88 கட்டை பியானோவில் அதுவே நான்காவது. ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிட்டாள்.

பிள்ளைகளைப் போட்டிக்குத் தயார்செய்வது எப்படி என்று எழுதத்தான் போனேன். அந்த மூன்றாவது 'சி'யிலேயே மாட்டிக்கொண்டேன்.

இது நட்புப் போட்டிதான். இரண்டு மிஸ்களின் மாணவர்கள், ஒரே மேடை. சேர்ந்து மூன்று மாதமான குட்டியும் உண்டு, எட்டாம் கிரேடுக்குப் படிக்கும் பிளஸ் டூ பையனும் உண்டு. "மேடைக்கு எப்பவும் ரெண்டு கிரேடு கம்மியான பாட்டுதான்" என்கிறார் மிஸ். பெற்றோருக்கு அது பிடிக்காது. 2019-ல் அமெரிக்க டிவி போட்டியில் சென்னைச் சிறுவன் ஒருவன் பியானோவில் காட்டிய வேகம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தங்கள் பிள்ளையும் அப்படிப் பறக்க வேண்டும் என்பதுதான் ஹாலில் காத்திருக்கும் பாதிப் பேரின் ஆசை.

வேகம் எங்கே காலை வாரும் என்பதை ஏழாம் வகுப்புப் பையன் காட்டினான். பர்க்முல்லரின் 'அரபெஸ்க்', 1851-ல் வெளியான பயிற்சிப் பாடல்களில் ஒன்று. வலது கையில் ஜோராக ஓடியது. அதே ஓட்டத்தை இடது கை வாங்குகிற இடத்தில் தடுமாறி, சட்டென்று முதல் வரிக்கே போய்விட்டான். பாதி வழியில் பஸ்ஸை விட்டவன் வீட்டுக்குத் திரும்பி, மறுபடி குளித்துவிட்டுக் கிளம்புகிற மாதிரி. மிஸ் நோட்டில் நாலு இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டார். "தடுக்கினா அடுத்த வட்டத்துக்குத் தாவு, கண்ணா. பின்னாடி போகாதே." பிறகு இன்னொன்று சொன்னார்: இடது கை ஓடும் அந்த இடத்தை மனசுக்குள் பாடிப் பார்த்துவிட்டு, அந்த வேகத்திலேயே முதல் சுரத்தை எடுக்க வேண்டும். அடுத்த தடவை விழவில்லை.

நடுவே ஒரு சின்னப் பையன், பாக் எழுதியதென்று நெடுநாள் நம்பப்பட்டு, பிறகு பெட்சோல்டுடையது என்று தெரியவந்த ஜி மேஜர் மினுவெட்டை வாசித்தான். "இந்த வரியை மெதுவா" என்றார் மிஸ். அவன் இடது கை தன்னிச்சையாகப் பியானோவின் மேல்பக்கம் போய் எதையோ தேடியது. வால்யூம் திருகு!

எல்லோரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. 1700 வாக்கில் ஃபிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி செய்த கருவிக்குப் பெயர் வந்ததே மெதுவாகவும் பலமாகவும் ஒலிக்கும் என்பதால்தான். அந்த வித்தியாசத்தை விரல்தான் உண்டாக்க வேண்டும். பியானோவின் கட்டை கீழே இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். உள்ளே சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்ட வேண்டும். விலை குறைந்த கீபோர்டில் சிலவற்றுக்கு இந்த உணர்வே கிடையாது. தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம். இரண்டு வருடம் அதில் பழகிய பிள்ளையை மேடையில் நிஜப் பியானோ முன்னால் உட்கார வைப்பது, சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் கையில் புல்லட்டைக் கொடுப்பது மாதிரி.

பெடல் கதை அதைவிட மோசம். 'ஃப்யூர் எலிஸ்' வாசிக்கும் பத்தாம் வகுப்புப் பெண் வீட்டில் ஒரு சின்னப் பெடலை செல்லோடேப் போட்டு மொசைக் தரையில் ஒட்டிவைத்திருக்கிறாளாம். இங்கே பித்தளைப் பெடலை மிதித்தாள், எடுக்க மறந்தாள். சாம்பாரும் ரசமும் மோரும் ஒரே இலையில் ஓடிக் கலந்த மாதிரி சுரங்கள் குழம்பின. "காதால பெடல் போடு, காலால போடாதே" என்றார் மிஸ். ஆறாவது முறையில்தான் கொஞ்சம் தெளிந்தது.

தொடக்கத்துக்குக் கீபோர்டு தாராளம், ஹெட்போன் இருந்தால் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் நிம்மதி, சென்னை ஈரக்காற்றில் மரப்பியானோ சுருதி நிற்காது என்று வாதிடுபவர்களும் உண்டு. இருக்கட்டும். ஆனால் மேடையில் திணறப்போவது பிள்ளைதானே?

மிஸ் தன்னால் முடிந்ததைச் செய்கிறார். இனி தினமும் மாலை ஹாலைத் திறந்து வைக்கப்போகிறார். ஆளுக்குப் பத்து நிமிடம், நிஜப் பியானோவில். அதில் முதல் இரண்டு நிமிடம் வாசிக்கக் கூடாது. வணங்கி, ஸ்டூலை நகர்த்தி, நடு 'சி'யைக் கண்டுபிடித்து, கையை மடியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். குட்டிப் பெண் அதற்குள் நாலு வரை எண்ணப் பழகிவிட்டாள்.

கிளம்பும்போது மினுவெட் பையனின் அப்பா தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், எங்க கீபோர்டையே மேடைக்குக் கொண்டு வந்துடட்டுமா? பழகின கை பாருங்க..."

மிஸ் பியானோ மூடியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தார். "நாளைக்கே கொண்டு வாங்க சார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நீங்களே ஒரு தடவை தட்டிப் பாருங்க."