பூனைக்காலி பட்ட கை ஏன் அரிக்கிறது?

வேலியோரம் படர்ந்து கிடக்கும் பூனைக்காலிக் கொடியைத் தெரியாமல் இழுத்துவிட்டவர்கள் அந்த நாளை எளிதில் மறப்பதில்லை. வளைந்த காயின் மேல் துரு நிறத்தில் பட்டுப்போல மின்னும் சுணை காற்றில் பறந்து வந்து கழுத்தில் விழுந்தாலே போதும். ஒரு நிமிடத்துக்குள் அரிப்பு தாங்க முடியாததாகிவிடும். நடுக்குவாதத்துக்குக் கொடுக்கப்படும் எல்-டோபா என்னும் பொருள் இதன் விதையில் இயற்கையாகவே இருப்பதால், மருந்துக்காக இதைப் பயிராகவே செய்பவர்களும் உண்டு. ஆனால் காய் பறிக்கும் நாளில் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். வருகிறவர்களிலும் சிலர் கடையில் ஓர் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் இறங்குகிறார்கள். கொசுக்கடிக்கும் காணாக்கடிக்கும் கேட்கும் அந்த மாத்திரை, பூனைக்காலி அரிப்புக்கு அநேகமாகக் கேட்பதில்லை. இதன் காரணத்தை அறிய, அரிப்பு என்ற உணர்ச்சி தோலிலிருந்து மூளைக்குப் போகும் வழியைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

வலி வேறு, அரிப்பு வேறு

அரிப்பு என்பது மிகச் சிறிய வலிதான் என்று வெகுகாலம் மருத்துவர்கள் நினைத்து வந்தார்கள். வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அது சரியல்ல என்பது சொல்லாமலே விளங்கும். முள் குத்தினால் கை விலகி ஓடுகிறது. அரித்தால் கை அந்த இடத்தைத் தேடி வருகிறது. 1660-ல் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர், சொறியத் தூண்டும் இன்பமற்ற உணர்ச்சியே அரிப்பு என்று எழுதினார். இன்றும் மருத்துவ நூல்கள் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. மேலும் வலி எலும்பிலும் தசையிலும் வயிற்றிலும் வரும். அரிப்போ தோலிலும் கண், மூக்கு போன்ற வாயில்களின் மெல்லிய சவ்விலும் மட்டுமே வருகிறது. வலியைப் போக்கும் மார்பின் மருந்து சிலருக்கு அரிப்பை உண்டாக்குவதும் இரண்டும் ஒன்றல்ல என்பதைக் காட்டும்.

அரிப்பைச் சுமந்து செல்பவை உடம்பிலேயே மிக மெல்லிய நரம்பு இழைகள். மின் கம்பிக்கு ரப்பர் உறை இருப்பதுபோலப் பெரும்பாலான தொடு உணர்வு நரம்புகளுக்குக் கொழுப்பு உறை உண்டு. அவற்றில் செய்தி விநாடிக்கு 30 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். அரிப்பு இழைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த உறை இல்லை. அவற்றில் செய்தி விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் அல்லது அதற்கும் குறைவாகவே நகரும். ஈ காலில் உட்கார்ந்தது உடனே தெரிகிறது, கடித்த இடத்து அரிப்பு மட்டும் தாமதித்து வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு பாதைகள்

கொசு கடித்தால் தோலில் உள்ள சில செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. இந்த ஹிஸ்டமினுக்கு எழும்பும் தனி இழைகள் மனிதத் தோலில் இருப்பதை 1997-ல் மார்ட்டின் ஷ்மெல்ஸ் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தனர். ஹிஸ்டமின் அரிப்புக்கு அடையாளம் உண்டு: தடிப்பு எழும்பும், சுற்றிலும் சிவக்கும். அலர்ஜி மாத்திரை ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது. அதனால் அரிப்பு அடங்குகிறது.

பூனைக்காலியின் வழி வேறு. அதன் சுணை மயிரிழையைவிட மெல்லிய ஊசி; நுனி மட்டும் தோலின் மேல் அடுக்கில் செருகிக்கொள்ளும். அதில் உள்ள மியூகுனைன் என்ற பொருளை 1955-ல் அமெரிக்காவில் ஷெல்லி, ஆர்தர் என்ற இருவர் விவரித்தனர். இது புரதத்தை வெட்டும் நொதி. பப்பாளிப் பாலில் உள்ள நொதியின் இனத்தைச் சேர்ந்தது. ஹிஸ்டமினை எதிர்பாராமல், தோல் செல்களிலும் நரம்பு நுனியிலும் உள்ள ஒருவகைப் புரதப் பூட்டை இந்த நொதி வெட்டித் திறந்துவிடுகிறது என்பது 2008-ல் தெரியவந்தது. செய்தி போகும் இழைகளும் வேறு. ஆகவே பூனைக்காலி பட்ட இடத்தில் சிவந்த வட்டம் பெரிதாகப் பரவுவதில்லை, அரிப்புடன் குத்தலும் எரிச்சலும் கலந்திருக்கும். ஹிஸ்டமினின் வழியை அடைத்துவிட்டுக் காத்திருக்கும் மாத்திரைக்கு இங்கே வேலை இல்லை. தூக்கம்தான் மிச்சம். மாத்திரை போட்ட ஆள் டிராக்டரில் ஏறினாலோ தென்னையில் ஏறினாலோ என்ன ஆகும் என்பதைத் தோட்டக்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டு வழிகளும் முதுகுத் தண்டுவடத்துக்கு வந்து சேருகின்றன. அங்கே அரிப்புச் செய்தியை மேலே அனுப்புவதற்கென்றே சில நரம்பணுக்கள் உள்ளன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோ-ஃபெங் சென் குழுவினர் 2009-ல் எலிகளிடம் இந்த அணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தனர். எலிகள் சொறிவதை ஏறத்தாழ விட்டுவிட்டன. சூட்டுக்கும் வலிக்கும் மட்டும் பழையபடியே துள்ளின.

சொறிந்தால் சுகம், பிறகு?

தண்டுவடத்தில் அரிப்பை அடக்கும் அணுக்களும் உண்டு. நகத்தால் கீறும்போது எழும் சிறு வலி அவற்றைத் தட்டி எழுப்புகிறது. அரிப்பு சற்று அடங்குகிறது. சொறிவதில் உள்ள சுகம் இதனால்தான். ஆனால் வலியை உணர்ந்த மூளை அதைத் தணிக்க செரடோனின் என்ற பொருளைத் தண்டுவடத்துக்கு அனுப்புகிறது. அது அங்குள்ள அரிப்பு அணுக்களை மேலும் உசுப்பிவிடுகிறது என்று 2014-ல் எலிகளில் கண்டார்கள். சொறியச் சொறிய அரிப்பு ஏறுவதை அனுபவத்தில் அறியாதவர் யார்? பூனைக்காலியில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. தேய்க்கும் கை, ஒட்டியிருக்கும் சுணையை ஆழமாக அழுத்துவதோடு பக்கத்துத் தோலுக்கும் பரப்புகிறது.

எனவே சுணை பட்டால் முதலில் தேய்க்கக் கூடாது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரையோ ஒட்டு டேப்பையோ அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் சுணை அதோடு வந்துவிடும். இரண்டு மூன்று முறை புது டேப்பால் செய்துவிட்டுச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் நரம்பின் வேகம் தணியும். சில இடங்களில் சாணம் பூசுவதுண்டு. சொறிந்து புண்ணான தோலில் சாணம் பட்டால் வில்வாத ஜன்னிக்கு இடமுண்டு என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. கண்ணில் விழுந்திருந்தால் கசக்காமல் நீரால் அலசிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மியூகுனைன் சூட்டில் செயலிழக்கும். ஆகையால் காய் பறித்த அன்றைய துணியைக் கொதிநீரில் அமுக்கி வைத்துத் துவைக்கலாம். பனி ஈரம் உலருமுன் பறித்தால் சுணை பறப்பது குறைவு. தழையுரத்துக்காக மட்டும் பயிரிடுவோர் மென்ரோமமுள்ள வெல்வெட் பீன்ஸ் வகையைத் தேர்ந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பார்த்தீனியத்தில் இன்னும் கவனம்

மாத்திரையை நம்பி மோசம் போவது பார்த்தீனியம் பிடுங்கும் வேலையில்தான் அதிகம். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, பிறகு நாடெங்கும் பரவிய இந்தக் களையில் பார்த்தீனின் என்ற நஞ்சு உள்ளது. முதல் நாள் பிடுங்கியவருக்கு ஒன்றும் நேராது. பல நாள் பழகிய பின், உடம்பின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை இந்த நஞ்சை எதிரியாகக் கருதத் தொடங்கும். அதற்குப் பிறகு இலைத்தூள் பட்டாலும், பட்ட ஓரிரு நாளில் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்கள் தடித்து அரிக்கும். இந்த அணுக்கள் விடும் பொருள்களும் ஹிஸ்டமினை நாடாமல் அரிப்பு நரம்பைத் தூண்டவல்லவை. இங்கும் அலர்ஜி மாத்திரையால் பெரிய பயன் இல்லை. மாத்திரை இருக்கிறதே என்று களையெடுக்கத் தொடர்ந்து போகிறவருக்குத் தோல் யானைத்தோல்போல் தடித்து, கடைசியில் வயல் பக்கமே போக முடியாத நிலை வந்துவிடுவதுண்டு. ஒருமுறை ஒவ்வாமை வந்தவரை மறுபடி அந்த வேலைக்கு அழைக்கக் கூடாது. அவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்தை மூடும் துண்டு ஆகியவற்றைத் தோட்டக்காரரே கொடுத்து, பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது செடியை வேரோடு பிடுங்கச் செய்யலாம்.