களப்பிரர் காலம் இருண்ட காலமா?

மாணவர்களே! இரவு வானத்தில் ஒரு பகுதி மட்டும் கருமையாகத் தெரிந்தால், அங்கே விண்மீன்களே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. நடுவே உள்ள தூசு மேகம் ஒளியை மறைத்திருக்கலாம். தமிழக வரலாற்றிலும் அப்படி ஒரு கரிய பகுதி உண்டு. ஏறக்குறைய கி.பி. 3-ஆம் நூற்றாண்டு முதல் 6-ஆம் நூற்றாண்டு வரையிலான களப்பிரர் காலமே அது. 'இருண்ட காலம்' என்றே அதைப் பாடப் புத்தகங்கள் நெடுநாள் கூறிவந்தன. இது சரியா?

முதலில் சாட்சி யார் என்று பார்ப்போம். களப்பிரரைக் கொடியவராகக் காட்டும் முக்கியச் சான்று வேள்விக்குடிச் செப்பேடு. சங்ககாலப் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி தானமாகத் தந்த வேள்விக்குடி என்னும் ஊரைக் களப்பிர அரசன் பறித்துக்கொண்டான் என்றும், பின்னர் பாண்டியன் கடுங்கோன் நாட்டை மீட்டான் என்றும் அது சொல்கிறது. ஆனால் அந்தச் செப்பேடு எழுதப்பட்டது கி.பி. 770-ஐ ஒட்டி, அதாவது களப்பிரர் ஆட்சி முடிந்து ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின். எழுதச் செய்தவன் அவர்களை வென்ற பாண்டியர் மரபில் வந்த மன்னன். அந்த ஊர் தமக்கே உரியது என்று முறையிட்டு, அதைத் திரும்பப் பெற்றவருக்கு அவன் வழங்கிய பத்திரம் அது. ஒரு தரப்பு வாக்குமூலத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

இந்த நிலை களப்பிரருக்கு மட்டும் வந்ததன்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பிக்டு மக்களைப் பற்றியும் நமக்குச் சொல்பவர்கள் பெரும்பாலும் அயலாரே. கி.பி. 297-இல் ஒரு லத்தீன் உரையில் அவர்கள் பெயர் முதன்முதலாக வருகிறது. 'சாயம் பூசியவர்கள்' என்பது அதன் பொருள். அவர்கள் தாமே விட்டுச்சென்றவற்றுள் முக்கியமானவை குறியீடுகள் செதுக்கிய கற்கள். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் அக்கற்களை நாடுகின்றனர்.

நமக்கும் அப்படி ஒரு கல் கிடைத்தது. 1979-இல் சிவகங்கை மாவட்டத்துப் புலாங்குறிச்சியில், பாறையில் வெட்டிய கல்வெட்டு வெளிப்பட்டது. சேந்தன் கூற்றன் என்ற அரசனை அது குறிப்பிடுகிறது. இவனைக் களப்பிர அரசன் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அதில் என்ன இருக்கிறது? கோயில், துறவியர் பள்ளி, பிராமணர்களுக்கு அளித்த நிலம், அவற்றைக் காக்கும் ஏற்பாடு! எல்லாவற்றையும் அழித்தவர்கள் என்ற கதையுடன் இது பொருந்துகிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கல்வெட்டின் வயதைக் கார்பன்-14 முறையில் காணலாமே என்று கேட்பீர்கள். உயிருடன் இருந்த பொருளுக்கே அம்முறை பயன்படும். அதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டு. எனவே 1,500 ஆண்டுக்கு முந்திய அடுப்புக்கரியில் கார்பன்-14 சுமார் 83 விழுக்காடு மிஞ்சியிருக்கும், அளந்துவிடலாம். முத்தாண்டிக்குப்பத்துப் பிள்ளைகள் நன்கறிந்த நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது. அதில் கார்பன்-14 அளவிடும்படி மிஞ்சியிருக்காது. கல்லுக்கு இம்முறை அறவே உதவாது. புலாங்குறிச்சிக் கல்வெட்டில் 192 என்ற ஆண்டு இருக்கிறது. சக ஆண்டு என்றால் 78 கூட்டிக் கி.பி. 270, கலச்சூரி ஆண்டு என்றால் 248 கூட்டிக் கி.பி. 440. எழுத்தின் வடிவம் பிந்திய விடைக்கே நெருக்கமாக உள்ளது.

இன்னொரு சான்று கடலூரிலேயே உண்டு. சர்வநந்தி என்ற சமண முனிவர் பாடலிகா என்னும் ஊரில் 'லோகவிபாகம்' என்ற நூலை எழுதினார். அவ்வூர் இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பது அறிஞர் கருத்து. எழுதிய ஆண்டு சக வருடம் 380, அதாவது கி.பி. 458. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டு என்ற குறிப்புடன், சனியும் வியாழனும் அப்போது நின்ற இடங்களும் தரப்பட்டுள்ளன. சனி வானை ஒருமுறை சுற்றிவரச் சுமார் 29½ ஆண்டு, வியாழனுக்குச் சுமார் 12 ஆண்டு. இரண்டும் மீண்டும் அதே இடங்களில் சேர ஏறக்குறைய 60 ஆண்டு ஆகும். ஆகவே அந்த ஆண்டு சரிதானா என்று வானத்தைக் கொண்டே சோதிக்கலாம். பின்னாளைய வடமொழி வடிவமே இன்று நமக்குக் கிடைக்கும் அந்நூலில், பூஜ்யத்துடன் கூடிய இடமதிப்பு முறை காணப்படுகிறது. இருண்டது என்று சொல்லப்பட்ட நூற்றாண்டில், நம் பக்கத்து ஊரில் இவ்வளவு கணக்கு!

ஆகவே இருட்டு அந்தக் காலத்தில் அன்று, நம் கையில் உள்ள சான்றுகளின் குறைவில்தான் இருக்கிறது. அடுத்த சான்று உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ, பாழடைந்த கோயில் சுவரிலோ கிடக்கலாம். எழுத்துள்ள கல்லைக் கண்டால் சுண்ணாம்பு பூசவோ, சுரண்டவோ, துணி துவைக்கவோ விடாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லித் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.