மஞ்சள் அட்டைக்கு அப்பால் ஒரு காய்ச்சல்

அணைக்கட்டு, பள்ளிகொண்டா, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோல் வேலை கற்றவர்களுக்கு எத்தியோப்பியா இன்று அறியாத நாடல்ல. அங்குள்ள டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் இந்திய டெக்னீஷியன்கள் வேலை பார்க்கிறார்கள். சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அந்நாட்டுத் தோல் தொழிலுக்குக் கைகொடுத்திருக்கிறது. கிளம்புகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற மையத்தில் மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தவறாமல் போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஊசிக்குச் சான்றான மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். மலேரியாவுக்கு அட்டையும் கிடையாது, கேட்பவரும் கிடையாது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் மலேரியா கொன்றது ஏறத்தாழ 5,97,000 பேரை. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில் இறந்தவர்கள். யாரும் கேட்கவில்லை என்பதற்காக இதை விட்டுவிட முடியாது. ஆளை அனுப்பும் கம்பெனி விசா, டிக்கெட்டோடு மலேரியா மாத்திரையையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொசுக்கடியிலேயே வளர்ந்த உடம்புக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் மலேரியா இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது; இருப்பதிலும் பெரும்பகுதி வைவாக்ஸ் வகை. ஆப்பிரிக்காவில் ஓங்கி நிற்பது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரைப் பறிக்கும் ஃபால்சிபாரம். சிறுவயது முதல் அந்தக் கிருமி திரும்பத் திரும்பத் தொற்றியவர்களுக்குத்தான் ஓரளவு எதிர்ப்புச் சக்தி வருகிறது. அவர்களும் சில ஆண்டுகள் வேறு நாட்டில் இருந்துவிட்டால் அதை இழக்கிறார்கள். வேலூர்க்காரருக்கு அது தொடக்கத்திலேயே இல்லை. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு 2012இல் ஜிபூட்டியிலும் பிறகு எத்தியோப்பியாவிலும் கண்டறியப்பட்டது. 2022இல் டிரெ டாவா நகரில் மலேரியா பரவியதில் அதற்குப் பங்கு இருந்தது. பார்த்துப் பழகிய கொசுதான், ஆனால் அங்கே அது சுமப்பது வேறு கிருமியை. நகரத்தில்தானே தங்கப்போகிறோம் என்ற தைரியமும் இதனால் செல்லாது.

மாத்திரை உடம்புக்கு ஆகாது என்ற தயக்கம் இன்னொன்று. அதில் நியாயம் இருக்கிறது. டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கூடாது. மனச்சோர்வோ வலிப்போ உள்ளவர்களுக்கு மெஃப்லோகுயின் கூடாது. அதனால்தான் மருந்துக்கடையில் தானாக வாங்காமல் டாக்டரிடம் போக வேண்டும் என்கிறேன். மருந்தே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது. ஆறு வாரத்துக்குள் திரும்புகிறவருக்குத் தினமும் டாக்சிசைக்ளின், அதற்கு மேல் தங்குகிறவருக்கு வாரம் ஒரு மெஃப்லோகுயின் என்பது இந்தியாவின் வழிகாட்டுதல். முதலாவதைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பும், இரண்டாவதை இரண்டு வாரம் முன்பும் தொடங்க வேண்டும். இரண்டையுமே ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விடக்கூடாது. வீடு சேர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பழைய குளோரோகுயின் ஆப்பிரிக்க ஃபால்சிபாரத்திடம் பலிக்காது. உயரத்தில் இருக்கும் அடிஸ் அபாபாவில் மட்டும் வேலை என்றால் மாத்திரை தேவைப்படாமல் போகலாம். டேனரிகள் உள்ள மோஜோ, இன்னும் தெற்கே ஹவாசா என்றால் தேவை. ஆகவே போகும் ஊரின் பெயரை டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையும் முழுக்கவசம் அல்ல. மலேரியா பரப்பும் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பதால் மருந்தூட்டிய கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் கூடவே வேண்டும்.

ஊர் வந்தபின் வரும் காய்ச்சலைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. வேலூர் பக்கத்தில் காய்ச்சல் என்றதும் டெங்கு, டைஃபாய்டு, ஸ்க்ரப் டைஃபஸ் ஆகியவையே டாக்டரின் நினைவுக்கு வரும். நோயாளி சொன்னால் ஒழிய ஆப்பிரிக்கா வராது. ஃபால்சிபாரம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம் கழித்தும் தலைகாட்டும். காய்ச்சல் கண்ட இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் நிலைமை கைமீறிப் போகலாம். எனவே முதல் நாளே எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தோம் என்பதைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசம். முதல் பரிசோதனையில் கிருமி தெரியவில்லை, காய்ச்சலும் விடவில்லை என்றால், அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடியும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.