டிவி எத்தனை இன்ச்? ஷோரூம்ல முடிவு பண்ணாதீங்க, வீட்டுக் கூடத்துல டேப் வச்சு அளங்க!



போனஸ் வந்தாச்சு, ஆஃபர் மெசேஜ் வந்துகிட்டே இருக்கு. "ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஒரு பெரிய டிவி வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன், 43 போதுமா, 55 வாங்கலாமா?" எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது. நல்ல எண்ணம்தான். ஆனா இதே நல்ல எண்ணத்தில் நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன். கணக்குப் பார்க்குறதே தொழிலா வச்சிருக்கிற ஆடிட்டர் பண்ண தப்பு. முதல்ல அதைச் சொல்லிடுறேன், அப்புறம் ஃபார்முலாவுக்குப் போகலாம்.

திருக்காட்டுப்பள்ளி வீட்டுக்கு வந்த 55 இன்ச்

என் சொந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற ஊர். எங்க வீடு டெல்டா பக்கத்துப் பழைய வீடு. திண்ணை, ரேழி, அப்புறம் கூடம். கூடத்தோட அகலம் பத்தடி. ஒரு சுவரில் டிவி, எதிர்ச் சுவரோரம் அப்பாவோட ஈசிசேர். நடுவில் பாய் விரிச்சு அம்மா.

2019 தீபாவளிக்கு 48,000 ரூபாய்க்கு 55 இன்ச் 4கே டிவி ஒண்ணு வாங்கி இறக்கினேன். நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 4,000, 12 மாசம். தெருவே வந்து பார்த்தது. மறுநாள் சாயங்காலம் அம்மா சீரியல் போட்டாங்க. முகமெல்லாம் மாவு மாதிரி கலங்கலா தெரிஞ்சுது. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "தம்பி, பழைய 21 இன்ச் டப்பா டிவியிலேயே இதைவிட நல்லா தெரிஞ்சுச்சேப்பா"ன்னு சொன்னார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனா அவர் சொன்னது அறிவியல்படி நூத்துக்கு நூறு சரி. ஏன்னு பார்ப்போம்.

டிவி சைஸை முடிவு பண்றது டிவி இல்ல, தூரம்

நம்ம கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கு. குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் போனா, பக்கத்து பக்கத்துப் புள்ளிகளைக் கண்ணால் பிரிச்சுப் பார்க்க முடியாது. அந்தத் தூரத்தைவிடக் கிட்ட உட்கார்ந்தா புள்ளி தெரியும், படம் கலங்கும். ரொம்பத் தள்ளி உட்கார்ந்தா, கூடுதல் புள்ளிக்கு நீங்க கொடுத்த காசு வீண்.

கேபிளில் வர்ற சாதா சேனலில் (எஸ்டி) 576 வரிதான். எச்டி சேனலில் 1080 வரி. 4கேயில் 2160 வரி. இதை வச்சு நான் பயன்படுத்துற எளிமையான கணக்கு இதுதான்:

- பெரும்பாலும் சாதா கேபிள் சேனல் பார்க்குற வீடு: தூரம் (அடியில்) × 4
- எச்டி சேனல், யூடியூப், கிரிக்கெட்: தூரம் × 7.5
- ஓடிடியில் 4கே படம்தான் முக்கியம்: அதிகபட்சம் தூரம் × 10

வர்ற விடைதான் உங்களுக்கான இன்ச். தூரம்னா சுவருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற தூரம் இல்ல. டிவி திரையிலிருந்து பார்க்குறவங்க கண் வரைக்கும்.

6 அடி: சாதா சேனலுக்கு 24, எச்டிக்கு 45, 4கேக்கு 60.
7 அடி: 28, 52, 70.
8 அடி: 32, 60, 80.
10 அடி: 40, 75, 100.

எங்க வீட்டுல ஈசிசேருக்கும் டிவிக்கும் 7 அடி. பார்த்தது சாதா கேபிள். 7 × 4 = 28. அந்த இடத்துல நான் மாட்டினது 55! கிட்டத்தட்ட இரட்டிப்பு. இருக்கிற 576 வரியைப் பெரிய திரையில் இழுத்து விரிச்சா மாவு மாதிரிதான் தெரியும். பழைய 21 இன்ச்சில் அதே படம் பளிச்சுனு இருந்ததுக்குக் காரணமும் இதுதான்.

2006-ல் தமிழ்நாடு அரசு இலவச கலர் டிவி திட்டத்தை ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கா? அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15-ல் தொடங்கி, வீடு வீடா 14 இன்ச் டிவி வந்தது. இன்னைக்கு அதைச் சின்னதுன்னு சிரிக்கிறோம். ஆனா சின்னக் கூடத்துல, தரையில், நாலடி தள்ளி உட்கார்ந்து பார்த்தவங்களுக்கு 14 இன்ச் சரியான அளவுதான். 14-ஐ நாலால் வகுத்தா மூன்றரை அடி!

"அப்போ 32 போதும்கிறீங்களா?"

இல்ல. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இருக்கிற சேனலுக்கு ஏத்த டிவி. இன்னொண்ணு, டிவிக்கு ஏத்த சேனல். எங்க வீட்டுல அம்மா பார்க்குற ரெண்டு மூணு சேனலை மட்டும் எச்டிக்கு மாத்தினோம், செட்டாப் பாக்ஸையும் எச்டி பாக்ஸா மாத்தினோம். 7 × 7.5 = 52. 55-க்குப் பக்கத்துல வந்துடுச்சு, படமும் பளிச்சுனு ஆயிடுச்சு. ஆனா கேபிள் செலவு ஒவ்வொரு மாசமும் கூடுச்சு. டிவி விலை ஒரு தடவை, சந்தா மாசாமாசம். பெரிய டிவி வாங்கும்போது இந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்க.

இதுக்கு நேர் எதிரான தப்பும் உண்டு. 8 அடி தள்ளி உட்கார்ந்து 43 இன்ச்சில் 4கே பார்க்குறது. 43 இன்ச்சில், ஐந்தரை அடிக்கு அப்பால் போனாலே 4கேக்கும் எச்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் பிரிச்சறியாது. ஆக 4கேங்கிற ஒரு வார்த்தைக்காக மட்டும் 43-ல் கூடுதலா காசு கொடுக்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் டெஸ்ட்

இன்ச்னு சொல்றது மூலைக்கு மூலை அளவு. சுவரில் எவ்வளவு இடம் எடுக்கும்னு அது சொல்லாது. படம் தெரியுற பகுதி மட்டும்:

- 32 இன்ச்: அகலம் 28, உயரம் 16
- 43 இன்ச்: அகலம் 37.5, உயரம் 21
- 55 இன்ச்: அகலம் 48, உயரம் 27
- 65 இன்ச்: அகலம் 57, உயரம் 32

இந்த அளவுக்கு நியூஸ் பேப்பரை ஒட்டி சுவரில் மாட்டிப் பாருங்க. ரெண்டு நாள் அப்படியே இருக்கட்டும். கதவு திறந்தா இடிக்குதா, ஊஞ்சல் ஆடினா மறைக்குதா, ஜன்னல் வெளிச்சம் அதுல விழுதான்னு தெரிஞ்சிடும். 43-லிருந்து 55 வெறும் 12 இன்ச்தானேன்னு தோணும். பரப்பளவில் பார்த்தா 64% கூடுதல். ஷோரூம்ல இது தெரியாது. அங்கே கூரை உயரம், ஹால் பெருசு, பக்கத்துல 75 இன்ச் நிக்கும். அதுக்குப் பக்கத்துல எந்த டிவியும் சின்னதாத்தான் தெரியும்.

உயரமும் முக்கியம். திரையோட நடுப்பகுதி, உட்கார்ந்திருக்கிறவங்க கண் மட்டத்துக்கு வரணும். நாற்காலியில் உட்கார்ந்தா தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. நம்ம ஊர்ல பாதிப் பேர் தரையில்தான் உட்கார்றோம், அப்போ இன்னும் கீழே. நான் அழகா இருக்கும்னு கதவு நிலைக்கு மேல மட்டம் பார்த்து மாட்டச் சொன்னேன். ஒரே மாசத்துல அம்மாவுக்குக் கழுத்து வலி. இறக்கி மாட்ட ஆளைக் கூப்பிட்டு அதுக்கும் காசு கொடுத்தேன்.

இப்போ காசுக் கணக்குக்கு வருவோம்

முதல்ல வரி. 2019 ஜனவரியிலிருந்து 32 இன்ச் வரைக்கும் ஜிஎஸ்டி 18%, அதுக்கு மேல 28%. அதனால அப்போ 32-ஐத் தாண்டினாலே வரியும் ஒரு படி ஏறுச்சு. நான் கொடுத்த 48,000-ல் 10,500 ரூபாய் வரி மட்டும்! 2025 செப்டம்பர் 22-லிருந்து எல்லா சைஸுக்கும் ஒரே 18%. அதே டிவிக்கு அதே அடிப்படை விலை 37,500-னு வச்சுக்கிட்டா இன்னைக்கு பில் 44,250. ஆனா வரி குறைஞ்சதுன்னு ஒரு சைஸ் மேல போயிட்டா, மிச்சமான காசும் போச்சு, கூடவும் போச்சு.

அடுத்து நோ காஸ்ட் இஎம்ஐ. நான் வாங்கின அன்னைக்கு ரொக்கமா கொடுத்தா 3,000 தள்ளுபடி, அதாவது 45,000. இஎம்ஐன்னா 48,000. அப்போ 45,000 கடனுக்கு 12 மாசம் 4,000 கட்டினேன். கணக்குப் போட்டா வட்டி வருஷத்துக்கு 12%. 600 ரூபாய் பிராசஸிங் ஃபீஸையும் சேர்த்தா சுமார் 14.5%. எங்கே இருக்கு நோ காஸ்ட்? ஜீரோ சதவீத வட்டின்னு ஒண்ணு உண்மையில் கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இப்பவே முழுசா கொடுத்தா கடைசி விலை என்ன?" அந்த வித்தியாசம்தான் உங்க வட்டி.

கரண்ட் செலவு பெரிய பயம் இல்ல. பெரிய டிவி 40 வாட் கூடுதலா எடுத்தா, தினம் 5 மணி நேரத்துக்கு, ரெண்டு மாசத்துல 12 யூனிட். நம்ம மின்வாரியக் கணக்குல ஆரம்ப யூனிட்டுகள் இலவசம். ஏற்கெனவே 500 யூனிட் எல்லையில் நிக்கிற வீடா இருந்தா மட்டும் யோசிங்க, அதைத் தாண்டினா ரேட் பட்டியலே மாறும். ஆனா பேனல் போனா? வாரண்டி முடிஞ்சப்புறம் பெரிய திரையோட பேனல் மாத்துற செலவு பல சமயம் புது டிவி விலையை நெருங்கும். ஐப்பசி இடி மின்னலுக்குப் பிளக்கைப் பிடுங்கி வைக்கச் சொல்லி வீட்டுல பழக்கிடுங்க. கேபிள் ஒயரையும் சேர்த்து.

அந்த டிவியோட உண்மையான விலை

இப்போ நான் சொல்லாம விட்ட பகுதி. 2020 மே மாசம். ஊரடங்கு. எனக்குச் சம்பளம் பாதி. அந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி குறுவைக்கு நாற்றங்கால் விட அப்பாவுக்கு போர் தண்ணிதான் கதி. அந்த நேரம் பார்த்து மோட்டார் எரிஞ்சு போச்சு. வேற மோட்டார் இறக்க 24,000 ஆயிருக்கு. எனக்கு யாரும் சொல்லல. போன்ல கேட்டப்போ "எல்லாம் நல்லா இருக்குப்பா"ன்னாங்க.

கடைசி இஎம்ஐ கட்டி முடிச்ச மறுமாசம், தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மா கழுத்துல ரெண்டு பவுன் சங்கிலி இல்ல. அடகுல இருக்கு. "ஏம்மா என்கிட்ட கேக்கல?"ன்னேன். "நீயே டிவிக்கு மாசம் நாலாயிரம் கட்டிக்கிட்டு இருந்தே. சம்பளமும் பாதிதான்னு சொன்னே. எப்படிப்பா கேக்குறது?"ன்னாங்க.

அவங்க கேட்டு நான் அந்த டிவியை வாங்கல. எச்டி பாக்ஸ் கேட்கல, 4கே கேட்கல. அந்த 45,000 ஒரு அவசர நிதியா என் கணக்குல கிடந்திருந்தா, மோட்டாரும் வந்திருக்கும், சங்கிலியும் கழுத்துல இருந்திருக்கும். முதல் வேலையா அதை மீட்டேன். ஆனா அப்பா அம்மா ஒரு கஷ்டத்தை என்கிட்ட சொல்லத் தயங்கினாங்களே, அதுக்கு எந்த லெட்ஜர்ல என்ட்ரி போடுறது?

அப்போ என்ன பண்ணலாம்?

நான் இப்போ என்னைக் கேட்டு வர்றவங்களுக்குச் சொல்றது இந்த வரிசைதான்:

1. மூணு மாசக் குடும்பச் செலவு அவசர நிதியா இருக்கா? ஊர்ல இருக்கிற வீட்டையும் சேர்த்துச் சொல்றேன். இல்லேன்னா டிவி காத்திருக்கட்டும்.
2. டிவி, ஸ்டாண்டு, ஸ்டெபிலைசர், மாட்டுற கூலி எல்லாம் சேர்த்து, கைக்கு வர்ற ஒரு மாசச் சம்பளத்துல பாதிக்குள்ள இருக்கட்டும். இது என்னோட அளவுகோல்.
3. உட்கார்ற இடத்துலருந்து தூரத்தை அளங்க. வீட்டுல அதிகமா என்ன சேனல் ஓடுதுன்னு கேளுங்க. 4, 7.5, 10-ல் எதுன்னு பார்த்துப் பெருக்குங்க.
4. பேப்பரை ஒட்டிப் பாருங்க.
5. வந்த சைஸ் பட்ஜெட்டுக்கு மேல போச்சா? சைஸைக் குறைங்க, இஎம்ஐயைக் கூட்டாதீங்க. நாற்காலியை ஒரு அடி முன்னாடி இழுத்துப் போட்டா 43-ம் பெருசுதான். அதுக்குச் செலவே இல்ல.
6. கடையில் 108 செ.மீ., 139 செ.மீ.னு எழுதியிருந்தா குழம்பாதீங்க. 2.54-ஆல் வகுத்தா இன்ச் வந்துடும்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போறீங்களா? பையில் ஒரு இன்ச் டேப் எடுத்துட்டுப் போங்க. கூடத்தை அளக்குறதுக்கு முன்னாடி, அப்பா பக்கத்துல உட்கார்ந்து "மோட்டார் எப்படி ஓடுது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தப் பதிலைக் கேட்டப்புறம் டிவி சைஸை முடிவு பண்ணலாம்.