நான்கு மீட்டருக்குள் இரண்டு கார்கள்

மாருதி டிசையரையும் ஹோண்டா அமேசையும் அருகருகே நிறுத்தினால் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரியும். நீளம் இரண்டுக்கும் 3,995 மில்லிமீட்டர். எஞ்சின் ஒன்றில் 1,197 சி.சி., மற்றதில் 1,199 சி.சி. காரணம் வரிச் சட்டம். நான்கு மீட்டர் நீளத்தையும் 1,200 சி.சி. பெட்ரோல் எஞ்சினையும் தாண்டாத கார்களுக்கு 2006 மத்திய பட்ஜெட் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தது. 2025 செப்டம்பரில் மாற்றியமைத்த ஜிஎஸ்டியிலும் அதே எல்லைதான்: உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. அதனால்தான் நம் ஊர் சின்ன செடான்களின் டிக்கி வெட்டிவிட்டாற்போல் குட்டையாக முடிகிறது.

வெளியே இவ்வளவு ஒற்றுமை இருந்தாலும், பானெட்டைத் திறந்தால் இரண்டும் வேறு வேறு. 2024 நவம்பரில் வந்த புதிய டிசையரில் மூன்று சிலிண்டர். அடுத்த மாதமே வந்த அமேசில் நான்கு. ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது ஒருமுறை எரிகிறது. நான்கு சிலிண்டரில் 180 பாகைக்கு ஒரு வெடிப்பு. மூன்றில் 240 பாகைக்கு ஒன்று. இடைவெளி கூடுவதால் சிக்னலில் நிற்கும்போது மூன்று சிலிண்டரின் துடிப்பு அதிகம் தெரியும். இரு ஓரத்துப் பிஸ்டன்களும் எஞ்சினின் இரு முனைகளையும் மாறி மாறி மேலும் கீழுமாக ஆட்டவும் பார்க்கும். ஆனால் உரசும் பாகங்கள் குறைவு. உராய்வில் வீணாகும் ஆற்றலும் குறைவு.

கையால் கியர் மாற்றும் வகையில் நிறுவனம் அறிவித்த மைலேஜ் டிசையருக்கு லிட்டருக்கு 24.79 கி.மீ., அமேசுக்கு 18.65. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இந்த வித்தியாசம் சுமார் 13 லிட்டர் பெட்ரோல். மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் நான்கு லிட்டர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, உங்கள் ஓட்டத்துக்கு மாதம் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். அந்த மைலேஜ் சோதனைக்கூடத்தில் உருளைகளின் மேல், ஏசியை அணைத்து, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு போகும் காருக்கு அது வராது.

ஆட்டோமேட்டிக் வாங்குவோர் இன்னும் கவனிக்க வேண்டும். டிசையரில் இருப்பது ஏஎம்டி: சாதாரண கியர்பெட்டிதான், கிளட்சையும் கியர் மாற்றத்தையும் மோட்டாரும் கணினியும் இயக்குகின்றன. கியர் மாறும் கணத்தில் இழுவிசை அறுந்து மீண்டும் சேர்வதால் ஒரு குலுக்கல் வரும். அமேசின் சிவிடியில் பற்சக்கரப் படிகளே இல்லை. அகலம் மாறும் இரு கப்பிகளுக்கு இடையே உலோகப் பட்டை ஓடுகிறது. அதனால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். திடீரென்று மிதித்தால் மட்டும் எஞ்சின் சத்தம் முந்திக்கொள்ளும், வேகம் பின்னால் வரும்.

டிக்கி அமேசில் 416 லிட்டர், டிசையரில் 382. டிசையரில் சிஎன்ஜி எடுத்தால் அந்த இடத்தின் பெரும்பகுதி சிலிண்டருக்குப் போய்விடும்.

பாதுகாப்பில், குளோபல் என்சிஏபி மோதல் சோதனையில் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் மாருதி இந்த டிசையர்தான். அமேசின் பழைய தலைமுறை வாங்கிய குறைந்த மதிப்பெண்ணைப் புதியதன் மேல் ஏற்றிப் பேசுகிறவர்கள் உண்டு, அது தவறு. தலைமுறை மாறினால் உடற்கூடும் ஏர்பேக் எண்ணிக்கையும் மாறும். நட்சத்திரத்தைப் பார்க்கும்போது எந்த ஆண்டு, எந்த மாடல் என்றும் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் நிறைய ஓடும் குடும்பத்துக்கு டிசையர். நகர நெரிசலில் ஆட்டோமேட்டிக் ஓட்டப் போகிறவர்களுக்கு அமேஸ் சிவிடி. என் தீர்ப்பு இதுதான். ஆனால் முன்பணம் கட்டும் முன் வீட்டார் எல்லோரையும் ஏற்றி, ஏசி போட்டு, ஒரு மேம்பாலம் ஏறிப் பாருங்கள். பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தவரிடம் கட்டாயம் கருத்துக் கேளுங்கள்.